கண்ணாடியைச் செதுக்கும் கேளா ஒலி



கண்ணாடித் தட்டொன்றின்மீது இரும்பு ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் தட்டு சிதறிவிடும். அதே தட்டில் விரிசலின்றி ஒரு சதுரத் துளையை இடுவது எங்ஙனம்? ஒலியின் துணைகொண்டு இடலாம். அம்முறையினை இங்கு ஆராய்வோம்.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே உணரும். அதற்கு மேற்பட்ட ஒலியை இலங்கைப் பாடநூல்கள் 'கழியொலி' என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மீயொலி' என்றும் வழங்குகின்றன. ஆற்றல்மிக்க மீயொலியின் விளைவுகளை அமெரிக்க அறிஞர்களான வுட், லூமிஸ் ஆகிய இருவரும் 1927ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர். 1940களில் லூயிஸ் பாலமுத் என்பவர் இதனை வன்பொருள்களைச் செதுக்கும் தொழில்முறையாக வளர்த்தெடுத்தார்.

இயந்திரத்தின் மேற்பகுதி மின்னாற்றலை அதிர்வாக மாற்றுகின்றது. அதன்கீழ், வரவரக் குறுகிச் செல்லும் உலோகக் கொம்பு அவ்வதிர்வின் வீச்சைப் பெருக்குகின்றது. கொம்பின் நுனியில், நாம் விரும்பும் துளையின் வடிவிலேயே உளி பொருத்தப்பட்டிருக்கும். உளிக்கும் கண்ணாடிக்கும் இடையே, போரன் காபைட்டு போன்ற மிகக் கடினமான துகள்கள் கலந்த நீர் இடையறாது பாயும். உளி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 தடவை மேலுங்கீழும் அதிரும். ஒவ்வோர் அசைவும் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் சில பங்கே. எனினும் அவ்வசைவு துகள்களைக் கண்ணாடியின்மீது மோதச் செய்ய, நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. ஓடும் நீர் அவற்றை அகற்றுகின்றது.

உளியோ கண்ணாடியினும் மென்மையான உருக்கினால் ஆனது என்பதே வியப்பு! செதுக்குவது உளியன்று, துகள்களே. உருக்கு மோதலுக்குச் சற்றே நெகிழ்ந்துகொடுக்கும். நெகிழத் தெரியாத கண்ணாடி சில்லாகப் பெயரும். ஆதலினால் செம்பு, ஈயம் முதலிய நெகிழும் உலோகங்களுக்கு இம்முறை ஏற்றதன்று. கண்ணாடி, குவார்ட்சு, சிலிக்கன், பீங்கான் போன்ற நொறுங்கும் பொருள்களுக்கே ஏற்றது. பொருள் மின்னைக் கடத்தவேண்டும் என்பதில்லை. வெப்பம் மிகாமையால் அதன் தன்மையும் கெடுவதில்லை. ஆயினும் வேலை மெதுவாகவே நடைபெறும், உளியும் தேயும், துளை ஆழமாக ஆகத் துகள்நீர் உட்செல்வதும் அரிதாகும்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் மொழி. இவ்வுளி ஒரு நிமிடத்தில் அடிக்கும் அடிகள் ஏறத்தாழ 12 இலட்சம்! ஓங்கிய ஓர் அடி உடைத்தது. சிற்றடிகள் பல வடிவு தந்தன. பெற்றோர்களே, வாரத்தில் ஒருநாள் மட்டும் பிள்ளைகளை வருத்தித் தமிழ் படிப்பிப்பதிலும், நாள்தோறும் சிறிது நேரம் அவர்களோடு தமிழிற் பேசுவதே மேலானது. பாடசாலையில் அவர்கள் கற்றுவரும் அறிவியலையும் அவ்வேளையில் தமிழிலேயே கேட்டறிவோமாக.