எண்ணெய்க் குளியல்: எது கழியும்? எது கழியாது?

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. சனிக்கிழமை நல்லா எண்ணெய் தேய்ச்சுத் தலை முழுகினா, உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே போயிடும்!"

பாலக்கோடு பக்கம் இந்தப் பேச்சை எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். தக்காளி மண்டியில் பெட்டி சுமப்பவர், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவர், நாள் முழுக்கக் குனிந்து களை எடுக்கும் பெண்... எல்லோருக்கும் ஒரு வார அசதிக்கு ஒரே மருந்து எண்ணெய்க் குளியல்தான். இதே மாவட்டத்தில் ஒகேனக்கல் போனால், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். அருவியில் நனைவதற்கு முன்னால் அவர்களிடம் முதுகைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரர்கள் ஏராளம். நகரத்து அழகு நிலையங்கள் இதற்கே 'டீடாக்ஸ் பாத்', அதாவது விஷமுறிவுக் குளியல் என்று பெயர் வைத்துப் பணம் வாங்குகின்றன.

குளியல் நல்லதுதான். சந்தேகமே இல்லை. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு குளிப்பது இன்னும் நல்லது. தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

விஷம் எந்த வழியாகப் போகிறது?

நம் உடம்பில் கழிவு நீக்கும் வேலையைப் பார்ப்பவை முக்கியமாக இரண்டு உறுப்புகள். ஒன்று கல்லீரல். உடம்புக்கு ஆகாத பொருள்களை மாற்றி, வெளியேற்றத் தயார் செய்து கொடுக்கிறது. இன்னொன்று சிறுநீரகம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வேண்டாததை ஒன்றரை, இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியே தள்ளுகிறது.

'அப்போ வியர்வை?' என்பீர்கள். வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு உப்பு. உடம்பைக் குளிர வைப்பதுதான் அதன் வேலை. எண்ணெய் தேய்த்தாலும், உப்பு கரைத்துக் குளித்தாலும், தோல் வழியாக விஷம் கசிந்து வெளியே வருவதில்லை.

அப்படியானால் குளித்ததும் ஏன் அவ்வளவு சுகமாக இருக்கிறது? காரணம் இருக்கிறது. எண்ணெய் வறண்ட தோலின் ஈரத்தைக் காக்கிறது. தேய்த்துப் பிடித்துவிடும்போது இறுகிக் கிடந்த தசைகள் தளர்கின்றன. இளஞ்சூட்டு நீர் தோலடி ரத்தக் குழாய்களை விரிய வைக்கிறது. அந்தச் சூடு வெளியேறி உடம்பின் உள்வெப்பம் மெல்ல இறங்கும்போது தூக்கம் வருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-ல் சொன்னதும் இதுதான். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெந்நீரில் குளித்தால் சீக்கிரம் தூக்கம் பிடிக்கிறது. எண்ணெய் முழுகிய அன்று கண் சொக்குவது மந்திரமல்ல, உடம்பின் கணக்கு!

என்னென்ன வேண்டும்? (ஒருவருக்கு)

நல்லெண்ணெய் - 4 மேசைக்கரண்டி. (நீளமான கூந்தல் என்றால் இன்னும் 2 கரண்டி.)
சீரகம் - அரைத் தேக்கரண்டி. மிளகு - 4.
அரப்புத்தூள் அல்லது சீயக்காய்த்தூள் - 3 மேசைக்கரண்டி.
வடித்த கஞ்சி - ஒரு டம்ளர்.
பாசிப்பயறு மாவு - 3 மேசைக்கரண்டி. கஸ்தூரி மஞ்சள் - ஒரு சிட்டிகை.

அரப்பு நம் பக்கத்துச் சொத்து. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த தூள். சந்தையில் படி கணக்கில் கிடைக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து படிந்துவிடுவதுதான் காரணம். அரப்பு, சீயக்காயில் இருக்கும் நுரைப்பொருளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. எந்தத் தண்ணீரிலும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். நம் பாட்டிமார் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

கடையில் நலங்கு மாவு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் கார்போகரிசி சேர்ந்திருந்தால், பூசிக் குளித்துவிட்டு வெயிலில் அலையக் கூடாது. சூரிய ஒளி பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து, கறுத்துவிடும். வீட்டுக் குளியலுக்குப் பாசிப்பயறு மாவே போதும்.

எப்படிக் குளிக்க வேண்டும்?

1. எண்ணெயைச் சிறு தீயில் வைத்து, சீரகம், மிளகைப் போட்டுப் பொரிந்ததும் இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே தொட வேண்டும்.

2. முதலில் உச்சந்தலை, பிறகு கழுத்து, தோள், முதுகு. கை, கால்களில் நுனியிலிருந்து நெஞ்சை நோக்கித் தேயுங்கள். மூட்டுகளில் வட்டமாகத் தேயுங்கள். காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் எண்ணெய் விட வேண்டாம்.

3. அரை மணி நேரம் போதும். 'ஊறட்டும்' என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதால் கூடுதல் பலன் ஒன்றுமில்லை.

4. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் வெந்நீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கொதிக்கும் நீர் வாளியில் தனியாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் குழந்தை வந்து கையை விடும். முழங்கையை நனைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் சரி. சுரீர் என்றால் ஆகாது.

5. அரப்பைக் கஞ்சியில் குழைத்துத் தலைக்குத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், எரியும். பாசிப்பயறு மாவும் மஞ்சளும் உடம்புக்கு.

6. குளித்து முடித்ததும் தரையில் அரப்புத்தூளைத் தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடுத்து உள்ளே வருகிறவர் எண்ணெயில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால், இந்தக் குளியலின் பலனெல்லாம் வீண்.

குளித்த பின் இரண்டு டம்ளர் தண்ணீரோ, மோரோ குடியுங்கள். வாரம் ஒரு தடவை போதும்.

பாத்டப் இல்லையே என்று கவலையா?

வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பேசின் போதும். ஒரு கைப்பிடி நொச்சி இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, பச்சைத் தண்ணீர் கலந்து இளஞ்சூடாக்குங்கள். ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்கள். கணுக்கால் மூழ்க 15 நிமிடம் காலை வைத்திருங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இதைவிடச் சுகம் வேறில்லை. முடிந்ததும் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

பச்சைக் குழந்தை ஜாக்கிரதை!

"மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுனாதானே கண்ணு சளி வெளியே வரும்?" என்று பெரியம்மாக்கள் கேட்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலில் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். எண்ணெய் நிமோனியா என்றே டாக்டர்கள் அதைச் சொல்கிறார்கள். சளி, காய்ச்சல், மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். வாயில் விரலை விட்டுச் சளி எடுப்பதும் வேண்டாம்.

எண்ணெயில் கற்பூரம் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தடவுவதும் ஆபத்து. கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது. உடம்பில் மெதுவாகத் தேங்காய் எண்ணெய் தடவி, இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடத்தில் குளிப்பாட்டித் துடைத்துவிட்டால் போதும். சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

இவர்கள் கவனிக்க வேண்டும்

சர்க்கரை நோயாளிகள்: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தண்ணீரை வீட்டில் வேறு ஒருவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். பாதத்தில் புண் இருந்தால் ஊறவைக்கவே கூடாது.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயதானவர்கள்: வெந்நீர் ரத்தக் குழாயை விரிப்பதால் எழுந்ததும் தலை சுற்றலாம். ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். கதவைத் தாழ் போடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிக்கிறதா? அங்கே எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கர்ப்பிணிகள்: இளஞ்சூடு பரவாயில்லை. உடம்பு சிவக்கும் சூடு கூடாது.

தலையில் வெந்நீர் ஊற்றியதும் சிலர் ஒரு மாதிரி வெறித்துப் பார்ப்பார்கள். இன்னும் இன்னும் என்று தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சிலர் மயங்கி விழுவார்கள். 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள்! இது வெந்நீர் வலிப்பு என்னும் நோய். நமக்குப் பக்கத்திலுள்ள கர்நாடகத்தில் இதை நிறையப் பேரிடம் பார்த்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தண்ணீரின் சூட்டைக் குறைப்பது, தலையில் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைப்பது என்பவை உடனே செய்ய வேண்டியவை. நரம்பியல் டாக்டரிடம் போனால் கட்டுப்படுத்தலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஹீட்டர் கம்பியைத் தண்ணீரில் போட்டிருக்கும்போது, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் வாளியில் கை வைக்காதீர்கள். கேஸ் கீசரைக் காற்று வராத குளியலறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. மயங்குவது தெரியாமலே ஆள் விழுந்துவிடுவார்.

நம் ஊர் விஷம் எங்கே இருக்கிறது?

இப்போது அந்தக் காரணத்துக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தால் பற்களில் காவிக்கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பில் சேர்ந்து முதுகும் கழுத்தும் இறுகும். குனிந்து நிமிர முடியாது.

சிக்கல் இங்கேதான். "வாதம்... எண்ணெய் தேய்ச்சு முழுகினா போயிடும்" என்று வாராவாரம் முழுகிக்கொண்டே, அதே போர்வெல் தண்ணீரைச் சோற்றுக்கும் குழம்புக்கும் ஊற்றிக்கொண்டிருப்போம். எண்ணெய் வலியைக் கொஞ்சம் ஆற்றும். எலும்பில் சேர்ந்த ஃபுளோரைடை ஒரு சொட்டுக்கூட வெளியே எடுக்காது. அதனால் உள்ளே போவதை நிறுத்துவதுதான் உண்மையான விஷமுறிவு. நிறுத்திவிட்டால் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேலையைச் செய்யும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். ஆகவே வீட்டில் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

குடிக்க, சமைக்க, கூழ் கரைக்க, குழந்தைக்குப் பால் கலக்க - ஒகேனக்கல் தண்ணீர் மட்டும்.

குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ - போர்வெல் தண்ணீர் தாராளமாக. குளிக்கும்போது தோல் வழியாகப் பொருட்படுத்தும் அளவுக்கு ஃபுளோரைடு உள்ளே போவதில்லை.

'கொதிக்க வச்சுக் குடிச்சா?' கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறத்தான் செய்யும். சாதாரண வடிகட்டியும் அதை எடுக்காது. உங்கள் கிணற்று, போர்வெல் நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டில் கால்சியமும் வைட்டமின் சி-யும் சேரட்டும். நம் ஊர் ராகிக்களியும் கீரையும் நெல்லிக்காயும் கொய்யாவும் அதற்குப் போதும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் முதுகு, கழுத்து இறுக்கம் இருந்தால் எண்ணெயை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காமல், அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 'எந்தத் தண்ணீர் குடிக்கிறேன்' என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஆனந்தமாக முழுகுங்கள். அசதி போகும், தூக்கம் வரும், தோல் மினுமினுக்கும். குளித்துவிட்டு வந்து கையில் எடுக்கும் டம்ளரில் மட்டும் காவிரித் தண்ணீர் இருக்கட்டும்!