நான் அடைத்த துளை

பாடநூலில் மையவிலக்குப் பம்பைப் படம் வரைந்து மதிப்பெண் பெற்றவன் நான். சென்ற கோடை விடுமுறையில்தான் அதைக் கையால் தொட்டேன்.

என் தந்தையார் பிக்கப் வண்டியில் காய்கறி மூட்டை ஏற்றிச் செல்பவர். என் படிப்புச் செலவும் அவ்வண்டியின் வாடகையே. எஞ்சினின் வாட்டர் பம்பில், அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டியது. "படிச்சவன் நீ, என்ன பண்ணலாம் சொல்லு" என்றார். எம்சீல் வைத்து அடைக்கச் சொன்னேன். அடைத்தார்.

பத்தாம் நாள் பேரிங் அலறியது. வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. உடனே அவர் வண்டியை நிறுத்தியதால் எஞ்சின் தப்பியது.

பம்பின் தண்டைப் பெல்ட் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள இம்பெல்லர் நீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நீருக்கும் பேரிங்குக்கும் இடையே காவல் ஒரு சீல் மட்டுமே. அது தேய்ந்தால் கசியும் நீர் பேரிங்கை அடையுமுன் வெளியேறவே அத்துளை! நான் அடைத்ததும் நீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்தொழித்தது.

ஞாயிறன்று வீட்டு வாசலிலேயே பம்பை மாற்றினோம். எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. மூடியின் அழுத்தத்தில் நீர் 100 டிகிரி கடந்தும் கொதிக்காதிருக்கும், திறந்தாலோ சீறிவிடும். பழைய பேக்கிங்கைச் சுரண்டவே ஒரு மணி நேரம் (பொறுமையற்றோர் பின்னர் மீண்டும் கழற்ற நேரும்). போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினோம்.

புதிய பம்பிலும் அதே துளை. அப்பா அதைத் தொட்டுக் காட்டி, "இதை என்னப்பா பண்ணலாம்?" என்றார்.