தேர்வு பயமும் உளவியலாளரின் உதவியும்

திருப்புதல் தேர்வு தொடங்கியதும் சில பிள்ளைகளுக்குக் காலையில் வயிற்றுவலி வரும். சிலர் வாந்தி எடுப்பார்கள். மருத்துவரிடம் காட்டினால் உடலில் குறை ஒன்றும் இருக்காது. உடனே, ‘நடிக்கிறான்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த வலி உண்மையானது. பயம் வரும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு பிசைகிறது.

அளவான பதற்றம் படிக்கத் தூண்டும். தூக்கம், உணவு, பள்ளி வருகை ஆகியவை வாரக்கணக்கில் பாதிக்கப்பட்டால் உதவி தேவை என்று பொருள்.

விடுப்பு ஏன் தீர்வாகாது?

தேர்வன்று வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அன்று நிம்மதி கிடைக்கிறது. ‘போகாமல் இருந்தால் தப்பிக்கலாம்’ என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த தேர்வில் பயம் இன்னும் கூடுகிறது. அதட்டி அனுப்பினாலும் பயம் குறைவதில்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியே வரத்தான் உளவியலாளர் உதவுகிறார்.

அங்கே என்ன நடக்கும்?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர்; தேவைப்பட்டால் மருந்து தருவார். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. பேச்சும் பயிற்சியுமே அவரது முறை. முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளாகவே இருக்கும்: எப்போது பயம் வருகிறது, அப்போது மனத்தில் என்ன ஓடுகிறது, தூக்கம் எப்படி?

‘ஃபெயிலானால் எல்லாம் முடிந்தது’ என்ற எண்ணத்தைப் பிள்ளையே சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருவார். மூச்சுப்பயிற்சி தருவார். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பார்: முதலில் வீட்டில் ஐந்து நிமிட மாதிரித் தேர்வு, பிறகு காலி வகுப்பறையில், பிறகு நண்பர்களுடன். ஒரே சந்திப்பில் மாற்றம் வந்துவிடாது. சில வாரங்கள் தொடர்ந்து செல்ல வேண்டும்.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

“பைத்தியம்னு பேர் வந்துட்டா, நாளைக்குப் பொண்ணு கேட்டு யார் வருவாங்க டீச்சர்?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்த அச்சத்தை நாம் இலேசாக எண்ணக் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் பலர் முன்னிலையில் இதைப் பேச வேண்டாம், தனியே அழைத்து, பார்த்ததை மட்டும் சொல்லலாம்: “அம்மா, ரெண்டு வாரமா பாப்பா மதியம் சாப்பிடல. தேர்வுத்தாளைப் பார்த்ததும் கை நடுங்குது. இது பைத்தியம் இல்லம்மா. கண்ணு மங்கலா தெரிஞ்சா கண் டாக்டர்கிட்ட போறோம்ல, அதுமாதிரிதான்.” நோயின் பெயரை நாம் சூட்டக் கூடாது; அது நம் வேலை அன்று.

சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. இதையும் பெற்றோரிடம் சொல்லலாம். ஆசிரியர் அறையிலும் அந்தப் பேச்சு வராமல் காப்பது நம் கடமை.

எங்கே அணுகுவது?

மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை குறித்து மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்கலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். நம் துறையின் 14417 எண்ணும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு பிள்ளை பேசினால், விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றினாலும், தனியே விடாமல் அன்றே பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிவித்து, மருத்துவ உதவி பெற வேண்டும்.

பிள்ளை உளவியலாளரிடம் செல்லத் தொடங்கிய பிறகும் நமக்குப் பங்கு உண்டு. பெற்றோர் சம்மதத்துடன் அவர் சொல்லும் படிகளை வகுப்பில் கடைப்பிடிக்கலாம்: கதவோரம் இருக்கை, தண்ணீர் குடிக்க இரண்டு நிமிடம், மதிப்பெண்ணை உரக்க வாசிக்காமல் தாளைக் கையில் கொடுத்தல். இவற்றுக்குச் செலவில்லை. தூக்கமில்லாமல் தவிக்கும் ஆசிரியர்களுக்கும் 14416 அதே எண்தான்.