நெற்றோடு புதைத்தால் முளைக்குமா?

“விதையை நெற்றிலிருந்து பிரித்தால் முளைப்புத்திறன் போய்விடும். நெற்றோடு புதையுங்கள், இயற்கை அப்படித்தான் செய்கிறது.” மாசி பிறந்துவிட்டால், நாற்றங்காலுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் போவதில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சரக்கொன்றை நெற்றைக் கையில் எடுங்கள். ஒரு முழக் கறுப்புக் குழல். காய்ந்தாலும் தானாக வெடிக்காது. சுத்தியலால் தட்டிப் பிளந்தால் காசுகளை அடுக்கியதுபோல் குறுக்குத் தடுப்புகள். அறைக்கு ஒன்றாக, தார் போன்ற சதையில் ஒட்டிய தட்டையான பழுப்பு விதைகள். ஒரு நெற்றில் 40 முதல் 100 வரை இருக்கும். இத்தனையையும் ஒரே குழியில் புதைத்தால் எந்தக் கன்று தேறும்? ஈரம் பட்டால் சதை பூஞ்சணம் பிடிக்கும். உடைக்காமல் மூலையில் போட்டு வைத்தால், புளியை அரிக்கிற அதே வண்டு உள்ளே புகுந்துவிடும்.

இயற்கை நெற்றைப் புதைக்கிறதா? குரங்கும் நரியும் கரடியும் இனிப்புச் சதைக்காக நெற்றை உடைத்துத் தின்று, விதையை வேறெங்கோ எச்சத்தில் போடுகின்றன. கருவேல நெற்றை ஆடு தின்றபின் பட்டியில் பொறுக்கிய விதை நன்றாக முளைக்கும் என்பதை ஆடு மேய்ப்பவர்களே சொல்வார்கள்.

பிரித்த கொன்றை விதை முளைக்காவிட்டால் அது செத்துவிட்டதாக அர்த்தமில்லை. அதன் தோலுக்குள் தண்ணீர் புகாது, அவ்வளவுதான். இரவெல்லாம் ஊறவைத்தாலும் போட்டது போட்டபடி கிடக்கும். முளை இருக்கும் முனைக்கு எதிர்ப்புறத்தில், பருப்பில் படாமல், நகவெட்டியால் பொட்டளவு சீவி ஊறவையுங்கள். காலையில் உப்பி நிற்கும். அன்றே விதைத்துவிட வேண்டும். பெரிய நாற்றங்கால்களில் கந்தக அமிலத்தில் நனைப்பதும் இந்தத் தோலுக்காகத்தான். வீட்டில் அமிலத்தைத் தொடாதீர்கள்.

வாகை விதையை வேகவைக்கச் சொல்கிறார்கள். வெந்தது முளைக்காது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு, ஆறவிட்டு ஒரு நாள் ஊறவைத்தால் போதும். புங்கனுக்குச் சீவலும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். தோல் மெல்லியது, நெற்றை உடைத்து விதைத்தாலே வரும். வேம்பை வெயிலில் காயவைத்து அடுத்த ஆண்டுக்கு வைப்பது வீண்வேலை. சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, சில வாரங்களுக்குள் விதைத்தாக வேண்டும்.

செம்மரமும் வேங்கையும் விலக்கு. அவற்றின் இறக்கை நெற்றிலிருந்து விதையைச் சிதையாமல் எடுப்பது கடினம். அதனால் இறக்கையை நறுக்கி, ஊறவைத்து, நெற்றாகவே விதைக்கிறார்கள். இதைப் பார்த்தவர்கள்தான் கொன்றைக்கும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்களோ என்னவோ.

பள்ளிகளில் விதைப்பந்து உருட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: சீவாத கொன்றை விதையை மண்ணுக்குள் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஆயிரம் பந்து வீசுவதற்குப் பதில், பிள்ளைக்கு ஒரு விதையும் ஒரு துண்டு உப்புத்தாளும் கொடுங்கள். அவர்களே தேய்த்து, ஊறவைத்து, பையில் ஊன்றட்டும். கன்று இடுப்பளவு வளர்ந்தபின் ஆடிமாதம் கழித்து மழைக்கு முன் நடட்டும்.