அரசியல் விஞ்ஞானம் பயிலப் பிள்ளையை எங்கே அனுப்புவது?



நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத நமக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறாம் படிவம் முடித்த நம் மூத்த மகள், "அத்தா, விண்ணப்பத்தில் முதலாவதாக எதைப் போடட்டும்? மலாயாவா, கெபாங்சானா?" என்று கேட்டபோது நமக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்து அறிந்ததை, இதே கேள்வி எழப்போகும் வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, இந்தப் படிப்பு எதற்கு? கணக்கியல் படித்தால் கடைக்காவது உதவுமே என்றுதான் நாமும் சொன்னோம். "நம் கடைக்கு லைசென்ஸ் கொடுக்கும் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், அத்தா?" என்று மகள் திருப்பிக் கேட்டாள். நாம் விழித்தோம். உள்ளூராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976ஆம் வருடச் சட்டத்தால் அடியோடு நீங்கின. இன்று உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. வருடந்தோறும் லைசென்ஸ் புதுப்பித்து வந்த நமக்கு இது தெரியாது. நம்மை ஆள்வது யார், எப்படி என்று அறிவதும் ஒரு கல்வியே என்று அன்று ஒப்புக்கொண்டோம்.

இரண்டாவது, இரு கலாசாலைகளின் வரலாறு. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. கோலாலம்பூரில் இருந்த அதன் பிரிவு 1962 ஜனவரி முதல் தேதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. துங்கு அப்துல் ரஹ்மான் அதன் முதல் வேந்தர். தமிழ் பயிலும் இந்திய ஆய்வியல் துறையும் அங்கே உண்டு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகமாகிய கெபாங்சான், மலாய் மொழியில் உயர்கல்வி அளிப்பதற்கென்று 1970 மே 18இல் நிறுவப்பட்டது. அதுவும் முதலில் லெம்பா பந்தாயில்தான் இருந்தது. 1977இல் பாங்கிக்குப் போயிற்று. ஆகவே ஒன்று மூத்தது, மற்றது இளையது. மூத்தது என்பதனாலேயே நம் பிள்ளைக்குப் பொருந்தியது என்று ஆகிவிடாது.

மூன்றாவது, பாடம். இதுவே முக்கியமானது. கெபாங்சானின் சமூக அறிவியல், மனிதவியல் பீடத்தில் அரசியல் விஞ்ஞானம் அந்தப் பெயராலேயே ஒரு பட்டப்படிப்பாக இருக்கிறது. மலாயாவின் கலை, சமூக அறிவியல் பீடத்திலோ அனைத்துலக, வியூக ஆய்வியல் துறை இருக்கிறது. நாடுகளுக்கிடையே உள்ள உறவும் பாதுகாப்பும் அதன் பொருள். உள்நாட்டு ஆட்சியை ஆராய விரும்பும் பிள்ளையும், தூதரகப் பணியை விரும்பும் பிள்ளையும் ஒரே இடத்தை முதலாவதாக எழுத வேண்டியதில்லை. பாடங்களின் பெயர்கள் மாறக்கூடும். ஆகையால் அவ்வவ்வாண்டின் பாடப் பட்டியலை வாங்கி வரிவரியாய் வாசித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பெற்றோரின் பயம். அரசியல் படித்தால் பிள்ளை வம்பில் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே சென்றிருந்த கெபாங்சான் அரசியல் விஞ்ஞான மாணவர் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை எழுந்தது உண்மையே. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். மாணவர்கள் கட்சிக்கு ஆதரவு தெரிவிப்பதைத் தடுத்த சட்டப்பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபர் 31இல் தீர்ப்பளித்தது. 2012லும் 2019லும் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதிலேயே வாக்குரிமையும் வந்துவிட்டது. சட்டம் இரு பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்றே. எனவே பயத்தைக் கொண்டு ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ளக் காரணமில்லை.

ஐந்தாவது, போக்குவரத்து. தெலுக் பங்லிமா காராங்கில் ரயில் கிடையாது. கிள்ளானுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். மலாயாவுக்கு அப்துல்லா ஹுக்கூமில் இறங்கி எல்.ஆர்.டி. மாறலாம். கெபாங்சானுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸை அடுத்த சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும். இரண்டுமே தினமும் போய்வர அலுப்பான பயணம். விடுதிச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. பி.டி.பி.டி.என். தருவது கடன், நன்கொடையல்ல. திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக நம் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். மலாயா என்றால் கடைக்கு வருவோரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமே என்ற ஆசை நமக்கு இருந்தது. இரண்டொருவரிடம் சொல்லியும்விட்டோம். மகள் இரண்டு பாடப் பட்டியலையும் கல்லா மேசையில் விரித்து, எது எதற்கு என்று பொறுமையாக விளக்கினாள். வாசித்து முடித்தபின் கெபாங்சானை முதலிலும் மலாயாவை இரண்டாவதிலும் எழுதச் சொன்னோம். வேறொரு வீட்டில் வரிசை மாறி அமையலாம், அதில் தவறில்லை. சரக்கைப் பார்க்காமல் பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்குகிறவன் வியாபாரத்தில் நஷ்டப்படுவான் என்பது நமக்குத் தெரிந்ததே. பிள்ளையின் மூன்று, நான்கு வருடங்களுக்கு மட்டும் அந்த நிதானத்தை நாம் மறந்துவிடலாமா?