எந்த சிபியூவில ஓட விடறது? கெர்னல் பின்னணி வேலைக்கு அக்கா சொல்ற 8 டிப்ஸ்

டிவைஸ் டிரைவர் எழுதற வேலையில புதுசா சேர்ந்த தங்கச்சிகள் என்கிட்ட முதல்ல கேக்கறது இதுதான்: "அக்கா, இந்த வேலையை எந்த சிபியூவுக்குக் கொடுக்கட்டும்?" அதை நீ முடிவு பண்ண வேண்டாம்மா. லினக்ஸ் கெர்னல்ல அதுக்குன்னே வொர்க்யூ, அதாவது பின்னணி வேலைகளை வரிசையில வாங்கி ஓட்டற ஏற்பாடு, இருக்கு. உன் வேலை நடுவில தூங்குமா, சிபியூவைப் பிடிச்சு வச்சுக்குமா, மெமரி தீர்ந்துபோன நேரத்திலயும் நடந்தே ஆகணுமா, இதை மட்டும் அதுகிட்ட மறைக்காம சொல்லிடு. மிச்சத்தை அது பார்த்துக்கும்.

1. இன்டரப்ட்ல பாரம் ஏத்தாதே

இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ள தூங்கக் கூடாது. மியூடெக்ஸ் பிடிக்கறது, ஐ2சி பஸ்ல பேசிட்டு பதிலுக்குக் காத்திருக்கறது எதுவும் அங்க ஆகாது. ஹார்டுவேருக்கு அக்னாலெட்ஜ் கொடு, மிச்ச வேலையை கியூவில போடு, வெளிய வந்துடு. கேவொர்க்கர்ங்கற கெர்னல் திரெட் அதை எடுத்து பிராசஸ் கான்டெக்ஸ்ட்ல ஓட்டும். அங்க தாராளமா தூங்கலாம்.

2. நினைச்சதுக்கெல்லாம் தனி கியூ வேண்டாம்

அந்தக் காலத்துல ஒரு டிரைவர் வொர்க்யூ உருவாக்கினா, சிபியூவுக்கு ஒரு திரெட் வீதம் அந்த கியூவுக்குன்னே ஒதுங்கிடும். சிபியூ எண்ணிக்கை கூடக்கூட, சில பெரிய மெஷின்கள்ல பூட் ஆகி முடியறதுக்குள்ளயே 32 ஆயிரம் பிஐடியும் தீர்ந்துபோச்சு. டெஜுன் ஹியோ இதை மாத்தி எழுத, 2010-ல லினக்ஸ் 2.6.36-ல புது முறை வந்தது. இப்போ திரெட்டுகள் எல்லா கியூவுக்கும் பொது. சிபியூ ஒவ்வொண்ணுக்கும் சாதாரண வேலைக்கு ஒரு பூல், அவசர வேலைக்கு ஒரு பூல்.

ஒத்தை அடுப்பு சமையல்கட்டை நினைச்சுக்கோ. அடுப்புகிட்ட நிக்கறவ தேங்காய் துருவ நகர்ந்தா அடுத்தவ வந்து நிப்பா. அவ நகராத வரைக்கும் வேற யாரும் வரமாட்டாங்க. பூலும் அப்படித்தான். ஓடற வொர்க்கர் தூங்கப் போனா ஷெட்யூலர் பூலுக்குத் தகவல் சொல்லும், இன்னொரு வொர்க்கர் எழுந்துக்கும். அதனால சாதாரண வேலைக்கு பொது கியூவே போதும். சேர்த்து ஃப்ளஷ் பண்ணணும், மெமரி நெருக்கடியில ஓடணும்னு காரணம் இருந்தா மட்டும் தனி கியூ கேளு.

3. சின்ன வேலையைக் கூப்பிட்ட இடத்துலயே விடு

பொது கியூவில போட்ட வேலை, வழக்கமா அதைப் போட்ட சிபியூவிலேயே ஓடும். உன் டேட்டா அந்த சிபியூ கேஷ்ல இன்னும் இருக்கும், அதனால சட்டுன்னு முடியும். கெட்டிக்காரத்தனம்னு நினைச்சு வேற சிபியூ நம்பர் போட்டு அனுப்பாதே.

4. கணக்குப் போடற வேலையா? அன்பவுண்டுக்கு அனுப்பு

தூங்காம சிபியூவைத் தின்னற வேலையை மூணாவது டிப்ஸ்படி விட்டா, அதே சிபியூவில வரிசையில நிக்கற மத்தவங்க வேலை அத்தனையும் காத்துக்கிடக்கும். அதை அன்பவுண்ட் கியூவில போடு. எங்க ஓட்டறதுன்னு ஷெட்யூலர் தீர்மானிக்கும். 6.6 கெர்னல்ல இருந்து, கடைசி நிலை கேஷைப் பகிர்ந்துக்கற சிபியூக்களுக்குள்ளயே அந்த வேலையைத் தொடங்க வைக்கறதுதான் டீஃபால்ட். அதுக்கு முன்னாடி 6.5-லயே வந்த இன்னொரு வசதி: ஒரு வேலை 10 மில்லி செகண்டுக்கு மேல விடாம ஓடினா, பூல் அதைக் கணக்குல இருந்து தள்ளி வச்சு அடுத்த வேலைக்கு வழி விடும். திரும்பத் திரும்ப நடந்தா, அன்பவுண்டுக்கு மாத்தறதை யோசின்னு உன் ஃபங்ஷன் பேரோட கெர்னல் லாக்ல எழுதவும் வைக்கலாம். அந்த வரி வந்தா அலட்சியம் பண்ணாதே.

5. பத்து தடவை போட்டாலும் ஒரு தடவைதான்

ஏற்கெனவே கியூவில காத்திருக்கற வொர்க் ஐட்டத்தைத் திரும்பப் போட்டா, ஃபால்ஸ்னு பதில் வரும், ரெண்டாவது எண்ட்ரி விழாது. அதனால ஒரு இன்டரப்டுக்கு ஒரு தடவை ஓடும்னு நம்பாதே. வந்த டேட்டாவை லிஸ்ட்ல சேர்த்து வச்சு, ஓடும்போது லிஸ்ட் காலியாகற வரைக்கும் எடு. வேலைகள் போட்ட வரிசையிலேயே ஒண்ணொண்ணா நடக்கணும்னா ஆர்டர்டு வொர்க்யூ கேளு.

6. மெமரி நெருக்கடியை மறக்காதே

ஸ்டோரேஜ், ஃபைல் சிஸ்டம் பக்கம் எழுதறவங்க இதை நல்லா படிங்க. புது வொர்க்கர் உருவாக்கவே மெமரி வேணும். மெமரியை விடுவிக்கற வேலை வொர்க்கருக்காகக் காத்திருந்தா, வொர்க்கர் மெமரிக்காகக் காத்திருந்தா, ரெண்டும் நகராது. அந்தப் பாதையில வர கியூவுக்கு மெம் ரீக்ளெய்ம் ஃப்ளாக் கட்டாயம். அது போட்டா ரெஸ்கியூவர்னு ஒரு திரெட் முன்கூட்டியே தயாரா இருந்து கைகொடுக்கும். மாறா, ஹை ப்ரியாரிட்டி ஃப்ளாகை அவசியம் இல்லாம போடாதே; எல்லாரும் அவசரம்னா யாருக்கும் அவசரம் இல்லை.

7. மெஷின் திணறினா கேவொர்க்கர் பேரைப் படி

டாப்ல "கேவொர்க்கர்/2:1"னு தெரிஞ்சா, 2-ங்கறது சிபியூ, 1-ங்கறது வொர்க்கர் எண். கடைசியில ஹெச் இருந்தா அவசர பூல்; எண்ணுக்கு முன்னாடி யூ இருந்தா அன்பவுண்ட். புது கெர்னல்ல பின்னாடியே கியூ பேரும் வரும்: பிளஸ் குறி இருந்தா அந்த கியூ வேலை இப்போ ஓடுது, மைனஸ்னா கடைசியா செஞ்சது அது. ஒரே வேலை சிபியூவைத் தின்னுதுன்னா அந்த பிஐடியோட ஸ்டாக்கை ப்ராக்ல போய்ப் பாரு. குட்டிக்குட்டி வேலையா யாரோ கொட்டிக்கிட்டே இருக்காங்கன்னா, வொர்க்யூ ட்ரேஸை ஆன் பண்ணினா ஆள் மாட்டிக்குவார்.

8. தொடங்கின கையோட நிறுத்தறதையும் எழுது

யூஎஸ்பியைப் பிடுங்கறாங்க. உன் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் மெமரியை விடுவிச்சிடுது. கியூவில மிச்சமிருந்த வேலை அப்புறம் ஓடி, இல்லாத மெமரியைத் தொடுது. கெர்னல் ஊப்ஸ்! வரிசை இதுதான்: முதல்ல வேலையைத் திரும்பப் போடற இன்டரப்டையோ டைமரையோ நிறுத்து. ரெண்டாவது, கேன்சல் வொர்க் சிங்க் கூப்பிடு. ஓடிட்டிருந்தா முடியற வரைக்கும் அது காத்திருக்கும். அப்புறம்தான் மெமரியை விடு. கேன்சல் கூப்பிடும்போது, அந்த வேலை கேக்கற லாக் உன் கையில இருக்கக் கூடாது, இருந்தா டெட்லாக். பொது கியூவை மொத்தமா ஃப்ளஷ் பண்ணவும் கூடாது, ஊரார் வேலைக்கெல்லாம் சேர்த்துக் காத்திருப்பே. உன் வேலையை மட்டும் ஃப்ளஷ் பண்ணு.

பேட்ச் அனுப்பறதுக்கு முன்னாடி, லாக் தப்பைக் கண்டுபிடிக்கற லாக்டெப்பை ஆன் பண்ணி, டிரைவரை லோடு, அன்லோடுன்னு மாத்தி மாத்தி ஓட்டிப் பாரு. எட்டுல ஒண்ணைத்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா, எட்டாவதை வச்சுக்கோ.