மோட்டார் எஞ்சின் மிகையாக உஷ்ணமடைதல்: காரணம் கண்டறியும் முறை

மோட்டார் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. ஏறக்குறைய அதே அளவு எஞ்சினின் சுவர்களில் உஷ்ணமாகச் சேருகிறது. இதனை உடனுக்குடன் அகற்றாவிடில் மசகெண்ணெய் தன் தன்மையை இழக்கும். பிஸ்டன்கள் விரிந்து சிலிண்டரில் இறுகிப்போகும். எஞ்சினைச் சுற்றி நீரைச் செலுத்தி, அந்நீரை ரேடியேட்டரில் காற்றினால் ஆற்றி, மீண்டும் எஞ்சினுக்கே அனுப்புவது குளிர்விப்பு முறையின் சாரமாகும்.

மும்பையில் கோவண்டிக்கு அண்மையிலுள்ள குர்லாவில்தான் பியட் 1100 வண்டிகளும், பின்னர் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற வண்டிகளும் உற்பத்தி செய்யப்பட்டன. பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் இறுதியில் நகரச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. அவற்றில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றியது; இன்றைய கார்களில் மின்மோட்டார் சுழற்றுகிறது. சாதனம் மாறினும் தத்துவம் மாறவில்லை.

கோளாறு எங்குள்ளது என்பதை, அது எப்போது தோன்றுகிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் ஊகிக்கலாம். காட்கோபர்–மான்குர்ட் இணைப்புச் சாலையில் லாரிகளுக்கிடையே ஊரும்போது மட்டும் உஷ்ணமானி ஏறி, வண்டி வேகம் பெற்றதும் இறங்குமாயின், விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். மெதுவாகச் செல்கையில் ரேடியேட்டருக்குக் காற்றை அளிப்பது விசிறி ஒன்றே. மாறாக, நகரில் சரியாக ஓடிய வண்டி புனே செல்லும் வழியில் போர்காட் மலைப்பாதையில் கொதிக்குமாயின், காற்றில் குறையில்லை, நீரோட்டத்தில்தான் குறையுள்ளது. ரேடியேட்டர் குழாய்களில் படிவு அடைத்திருக்கலாம். அல்லது நீர் பம்பு தளர்ந்திருக்கலாம். கடலோரக் கிணறுகளின் உப்பு நீரை ஊற்றுவதால் படிவும் துருவும் விரைவில் உண்டாகின்றன.

சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை அவசியம். சாதாரண அழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஒரு வளிமண்டல அழுத்தத்தை மேலும் தாங்குமாயின், ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென நீங்க, நீர் ஆவியாகிச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு, உலோகம் வெடிக்கக்கூடும்.

எஞ்சின் ஆறியபின் முதலில் நீரின் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருப்பின் ரப்பர் குழாய்கள், இணைப்புகள், நீர் பம்பின் அடிப்பகுதி ஆகியவற்றில் கசிவைத் தேட வேண்டும். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் தளர்ந்திருந்தாலும் நீர் முன்னதாகவே கொதித்துக் குறையும். நீர் நிறைந்திருந்தும் எஞ்சின் கொதிக்க, ரேடியேட்டரின் மேற்குழாய் மட்டும் குளிர்ந்திருப்பின், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனக் கொள்ளலாம். அதனைக் கழற்றி, வெப்பமானியுடன் நீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்திச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி வால்வு திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை அடியோடு நீக்கிவிடுவது பரிகாரமாகாது. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருள் வீணாகும்.

சி.என்.ஜி. எரிவாயுவில் ஓடும் டாக்சிகளில் மேலும் ஓர் அடையாளம் உண்டு. விரிவடையும் வாயு குளிர்வதால், அழுத்தங்குறைப்பானை எஞ்சினின் வெந்நீர் சூடேற்றுகிறது. நீர் குறைந்தால் எஞ்சின் ஒருபுறம் கொதிக்க, அக்கருவியின்மேல் உறைபனி படியக்கூடும்.

ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழுதல், மசகெண்ணெய் பால்போல் வெளுத்தல், புகைக்குழாயில் இடைவிடாத வெண்புகை ஆகியவை சிலிண்டர் தலையின் கேஸ்கட் பழுதுற்றமைக்கு அறிகுறிகள். இந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டலாகாது. நீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவோர் ஒரு கேஸ்கட்டோடு முடியவேண்டிய செலவை முழு எஞ்சினுக்கே விரிக்கின்றனர். வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறிய நஷ்டமன்று. உஷ்ணமானியின் முள் ஏறத் தொடங்கிய உடனே வண்டியை ஓரமாக நிறுத்துவதே மலிவான வைத்தியம்.